புட்டிக்குள் ஞாபக சக்தி இருக்கிறதா?



கடந்த ஆண்டு எஸ்பிஎம் தேர்வுக்கு இரண்டு மாதங்கள் இருந்தபோது, படிவம் 5 மாணவர் ஒருவரின் தாயார் என்னைப் பார்க்கப் பள்ளிக்கு வந்தார். தொழிற்சாலையில் இரவு வேலையை முடித்துவிட்டு நேராக வந்திருந்ததால் வேலைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. கைப்பையிலிருந்து ஒரு சிறிய புட்டியை எடுத்து என் மேசைமேல் வைத்தார்.

"டீச்சர், இதைச் சாப்பிட்டா படிச்சது மறக்காதுன்னு சொன்னாங்க. நூத்து இருபது வெள்ளி. ஓவர்டைம் காசுல வாங்கினேன். பையனுக்குக் கொடுக்கலாமா?"

புட்டியின் மேல் 'சிட்டிகோலின்' என்று எழுதியிருந்தது. அதன் கீழே, 'மூளையின் ஆரோக்கியத்துக்கும் நினைவாற்றலுக்கும் உதவும் நியூக்ளியோடைடு' என்று இருந்தது. நியூக்ளியோடைடு என்றால் எனக்குத் தெரியும். ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன். ஆனால், அதை விழுங்கினால் ஞாபக சக்தி கூடுமா என்பது அன்று எனக்குத் தெரியவில்லை. "இரண்டு நாள் பொறுங்கள் அம்மா, படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன்.

அப்படிப் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். தேர்வுக் காலம் நெருங்கும்போது உங்கள் வீட்டு மேசைக்கும் இப்படி ஒரு புட்டி வரக்கூடும்.

நியூக்ளியோடைடு என்பது என்ன?

படிவம் 4 உயிரியல் பாடத்தை நினைவுபடுத்திப் பாருங்கள். ஒரு நியூக்ளியோடைடில் மூன்று பகுதிகள் உண்டு: ஒரு நைட்ரஜன் காரம், ஐந்து கார்பன் கொண்ட ஒரு சர்க்கரை, ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட பாஸ்பேட்டுகள். நம் மரபுச் செய்தியைத் தாங்கும் டிஎன்ஏ, இந்த நியூக்ளியோடைடுகள் கோக்கப்பட்ட ஒரு நீண்ட மாலை. உயிரணுவின் ஆற்றல் நாணயம் என்று நாம் சொல்லும் ஏடிபியும் ஒரு நியூக்ளியோடைடுதான்.

ஆகவே, நியூக்ளியோடைடு என்பது ஏதோ புதிய அதிசயப் பொருள் அல்ல. நீங்கள் சாப்பிடும் கோழி இறைச்சியிலும், மீனிலும், கீரையிலும் அது இருக்கிறது. உயிரணு இருக்கும் இடத்தில் எல்லாம் நியூக்ளியோடைடும் இருக்கும். நம் உடலும் தனக்குத் தேவையானதைத் தானே தயாரித்துக்கொள்கிறது.

சிட்டிகோலினும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. சைட்டோசின் என்ற காரமும் ரைபோஸ் சர்க்கரையும் சேர்ந்தது சைட்டிடின். அதனுடன் இரண்டு பாஸ்பேட்டுகள் ஒட்டி, அவற்றின் மறுமுனையில் கோலின் என்ற சத்துப்பொருள் ஒட்டிக்கொண்டால் அதுதான் சிட்டிகோலின். ஒரு பக்கம் சைட்டிடின், மறுபக்கம் கோலின், நடுவில் பாலமாக இரண்டு பாஸ்பேட்டுகள் என்று படம் வரைந்து பாருங்கள், எளிதில் புரிந்துவிடும்.

அசுத்தத்தில் கிடைத்த கண்டுபிடிப்பு

இந்தப் பொருள் உயிரணுவுக்குள் என்ன செய்கிறது என்பதை 1956-இல் வெளியான ஓர் ஆய்வில் விளக்கியவர்கள் யூஜின் கென்னடி, சாமுவேல் வைஸ் என்ற இரு அமெரிக்க அறிவியலாளர்கள். அப்போது அவர்கள் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார்கள்.

உயிரணுச் சவ்வில் இருக்கும் ஒரு முக்கியமான கொழுப்பு எப்படி உருவாகிறது என்பதே அவர்களின் கேள்வி. சோதனைக் குழாயில் தேவையான பொருள்களைப் போட்டு, ஆற்றலுக்காக ஏடிபியையும் சேர்த்தார்கள். வேலை நடந்தது. ஆனால், மேலும் தூய்மையான படிக வடிவ ஏடிபியைச் சேர்த்தபோது வேலை நடக்கவில்லை! தூய்மை குறைந்த ஏடிபியில் நடக்கும் வேலை, தூய்மையானதில் ஏன் நடக்கவில்லை?

நாமாக இருந்தால் "சோதனை சொதப்பிவிட்டது" என்று குழாயைக் கழுவி வைத்திருப்போம். அவர்கள் அப்படி விடவில்லை. அந்த 'அசுத்தத்தில்' ஏதோ இருக்க வேண்டும் என்று தேடினார்கள். அதில் கலந்திருந்த சிடிபி என்ற இன்னொரு நியூக்ளியோடைடுதான் உண்மையில் வேலையைச் செய்திருந்தது. அது கோலினுடன் பாஸ்பேட் சேர்ந்த பொருளோடு இணைந்து சிட்டிகோலினாகிறது. பிறகு சிட்டிகோலின் தன் பங்கைக் கொடுத்துப் பாஸ்பாடிடைல்கோலின் என்ற சவ்வுக் கொழுப்பை உருவாக்குகிறது. இந்தத் தொடர் வேலைக்குக் 'கென்னடி வழித்தடம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அடுத்த முறை ஆய்வுக்கூடத்தில் எதிர்பாராத முடிவு வந்தால், பக்கத்து மேசையைப் பார்த்து எழுதிவிடாதீர்கள். அந்தத் தவறான முடிவுதான் பதிலாக இருக்கலாம்.

மூளைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

இரண்டு தொடர்புகள் உண்டு.

முதலாவது, சவ்வு. உங்கள் மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் கிளை விரித்து மற்றவற்றைத் தொடுகிறது. அந்தக் கிளைகள் எல்லாவற்றையும் போர்த்தியிருப்பது சவ்வு. அந்தச் சவ்வின் முக்கியமான கட்டுமானப் பொருள்களில் ஒன்று, நாம் மேலே பார்த்த பாஸ்பாடிடைல்கோலின்.

இரண்டாவது, செய்தி. ஒரு நரம்பணுவுக்கும் அடுத்த நரம்பணுவுக்கும் இடையே மிகச் சிறிய இடைவெளி உண்டு. அந்த இடைவெளியைக் கடந்து செய்தியைக் கொண்டுசெல்பவை வேதிப்பொருள்கள். அவற்றில் ஒன்று அசிட்டைல்கோலின். கவனத்திலும் நினைவிலும் அதற்குப் பங்கு உண்டு. பெயரைப் பாருங்கள்: கோலினிலிருந்துதான் அது தயாராகிறது.

இந்தச் செய்தி வேதிப்பொருள் கண்டுபிடிக்கப்பட்ட கதையும் சுவையானது. ஆஸ்திரியாவில் கிராஸ் நகரில் இருந்த ஓட்டோ லோவி என்ற அறிவியலாளர், ஒரு சோதனையைக் கனவில் கண்டார். நள்ளிரவில் எழுந்து குறிப்பு எழுதிவிட்டுப் படுத்தார். காலையில் பார்த்தால் அவர் கையெழுத்தே அவருக்குப் புரியவில்லை! மறுநாள் இரவும் அதே கனவு வந்தது. இம்முறை எழுதிக்கொண்டிருக்காமல் நேராக ஆய்வுக்கூடத்துக்கே போய்விட்டார். ஒரு தவளை இதயத்தின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைக் குறைத்தார். அந்த இதயத்தைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இன்னொரு தவளை இதயத்தில் விட்டார். நரம்பு தூண்டப்படாத அந்த இதயமும் மெதுவாகத் துடித்தது. அப்படியானால் நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரக்கிறது என்று ஆகிறது அல்லவா? 1921-இல் வெளியான அந்த ஆய்வுக்காக, 1936-இல் ஹென்றி டேல் என்பவருடன் சேர்ந்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த வேதிப்பொருள் அசிட்டைல்கோலின்தான்.

விழுங்கினால் என்ன நடக்கிறது?

இப்போது புட்டிக்கு வருவோம். மாத்திரையை விழுங்கியதும் சிட்டிகோலின் முழுசாக மூளைக்குப் போய்ச் சேர்வதில்லை. குடலிலும் கல்லீரலிலும் அது உடைகிறது. ஒரு பக்கம் கோலின், மறுபக்கம் சைட்டிடின். மனித உடலில் அந்தச் சைட்டிடின், யூரிடின் என்ற பொருளாக மாறுகிறது. கோலினும் யூரிடினும் இரத்தத்தில் பயணம் செய்து, மூளைக்குக் காவல் நிற்கும் இரத்த-மூளைத் தடுப்பைக் கடக்கின்றன. உள்ளே போன பிறகு நரம்பணுக்கள் அவற்றைக் கொண்டு மீண்டும் சிட்டிகோலினைத் தயாரித்துக்கொள்கின்றன.

இதுவரை சொன்னதெல்லாம் உண்மை. விளம்பரங்களும் இதைத்தான் சொல்கின்றன. ஆனால், பெரும்பாலான விளம்பரங்கள் இங்கேயே நின்றுவிடுகின்றன. "சவ்வுக்குத் தேவை, செய்தி வேதிப்பொருளுக்குத் தேவை, ஆகவே ஞாபக சக்தி கூடும்" என்று முடித்துவிடுகின்றன.

அந்த 'ஆகவே' சரியா என்று கொஞ்சம் யோசியுங்கள். வீடு கட்டச் செங்கல் தேவை. ஒரு வீட்டின் வாசலில் ஏற்கெனவே போதுமான செங்கல் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. அங்கே இன்னும் ஒரு லோரி செங்கலைக் கொண்டுவந்து கொட்டினால் வீடு வேகமாக எழும்பிவிடுமா? செங்கல் பற்றாக்குறை இருந்தால் உதவும். இல்லையென்றால், அது வாசலில் கிடக்கும். ஒரு பொருள் தேவை என்பது வேறு. அதைக் கூடுதலாகக் கொடுத்தால் பலன் கூடும் என்பது வேறு. இரண்டாவதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

சோதனைகள் என்ன சொல்கின்றன?

சிட்டிகோலின் முதலில் ஜப்பானில் பக்கவாத நோயாளிகளுக்கான மருந்தாக உருவாக்கப்பட்டது. அதனால் பெரிய சோதனைகள் நோயாளிகளிடம்தான் நடந்தன.

2002-இல், அமெரிக்காவில் நடந்த நான்கு பக்கவாத ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். சிட்டிகோலின் எடுத்தவர்களில் நன்றாகக் குணமடைந்தோர் சற்று அதிகமாக இருந்தனர். நம்பிக்கை பிறந்தது. சரி, பெரிய அளவில் சோதிப்போம் என்று ஐரோப்பாவில் 2,298 பக்கவாத நோயாளிகளைச் சேர்த்தார்கள். பாதிப் பேருக்குச் சிட்டிகோலின். மீதிப் பேருக்கு அதைப் போலவே இருக்கும், ஆனால் மருந்து இல்லாத மருந்துப்போலி. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 2012-இல் முடிவு வெளியானது: இரண்டு குழுவுக்கும் இடையே வேறுபாடு இல்லை.

அதே ஆண்டு அமெரிக்காவில் இன்னொரு முடிவும் வந்தது. விபத்து போன்றவற்றால் தலையில் அடிபட்ட 1,213 பேரிடம் நடந்த சோதனை அது. நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராம் வீதம் 90 நாள்கள் கொடுத்துப் பார்த்தும், மருந்துப்போலியைவிடச் சிட்டிகோலின் மேலாக எதையும் செய்யவில்லை.

படிவம் 1-இல் படித்த மாறிகளும் கட்டுப்பாட்டுச் சோதனையும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். மருந்துப்போலி எடுத்த குழு இல்லாதிருந்தால், தானாகக் குணமடைந்த அத்தனை பேரையும் சிட்டிகோலின்தான் குணப்படுத்தியது என்று எழுதியிருப்பார்கள்.

அப்படியானால் இது வெறும் ஏமாற்றா? அப்படியும் சொல்லிவிட முடியாது. 2021-இல் வெளியான ஓர் ஆய்வில், வயது காரணமாக மறதி தொடங்கிய, மற்றபடி ஆரோக்கியமான 100 பேர் பங்கேற்றனர். அவர்களின் வயது 50 முதல் 85 வரை. நாளுக்கு 500 மில்லிகிராம் சிட்டிகோலினை 12 வாரம் எடுத்தவர்களின் நினைவாற்றல், மருந்துப்போலி எடுத்தவர்களைவிடச் சற்று அதிகமாக முன்னேறியது. உங்களைப் போன்ற பதின்ம வயதுப் பையன்கள் 75 பேரிடமும் 28 நாள் ஆய்வு ஒன்று நடந்திருக்கிறது. கவனம் தொடர்பான சோதனைகளில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. கவனியுங்கள், தேர்வு மதிப்பெண்ணில் அல்ல.

இவை நேர்த்தியாக நடந்த ஆய்வுகள்தாம். ஆனால், சிறியவை, குறுகிய காலத்தவை, சிட்டிகோலின் தயாரிக்கும் நிறுவனத்தின் ஆதரவுடன் நடந்தவை. நிறுவனம் பணம் கொடுத்தாலே முடிவு பொய் என்று அர்த்தமில்லை. ஆனால், தொடர்பில்லாத வேறு குழுவினர் பெரிய அளவில் செய்து அதே முடிவைக் காணும்வரை நாம் பொறுமையாக இருக்க வேண்டும். நான்கு சிறிய ஆய்வுகள் கொடுத்த நம்பிக்கைக்குப் பெரிய ஆய்வில் என்ன ஆயிற்று என்று இப்போதுதானே பார்த்தோம்!

ஒரு முக்கியக் குறிப்பு. உங்கள் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ மருத்துவர் சிட்டிகோலின் எழுதிக் கொடுத்திருந்தால், இந்தக் கட்டுரையைக் காட்டி நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். பல நாடுகளில் மருத்துவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். அந்த முடிவை அவர்களின் மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

புட்டியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

எந்த ஊட்டச்சத்து மாத்திரை வீட்டுக்கு வந்தாலும் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று: யாரிடம் சோதித்தார்கள்? முதியவர்களிடமா, நோயாளிகளிடமா, எலிகளிடமா, உங்கள் வயதினரிடமா?

இரண்டு: எத்தனை பேர்? மருந்துப்போலிக் குழு இருந்ததா?

மூன்று: எதை அளந்தார்கள்? 'மூளைக்கு நல்லது' என்பதை அளக்க முடியாது. குறிப்பிட்ட ஒரு சோதனையின் மதிப்பெண்ணைத்தான் அளக்க முடியும்.

நான்கு: மலேசியாவில் விற்கும் சத்து மாத்திரைகளுக்குச் சுகாதார அமைச்சின் கீழுள்ள மருந்து ஒழுங்குமுறைப் பிரிவின் பதிவு எண் இருக்க வேண்டும். அது 'எம்ஏஎல்' என்ற மூன்று எழுத்துகளில் தொடங்கும். சத்துணவுத் துணைப் பொருள்களுக்கு அந்த எண்ணின் கடைசியில் 'என்' என்ற எழுத்து வரும். பதிவு எண் இல்லாத புட்டியை இணையத்தில் எவ்வளவு மலிவாக விற்றாலும் வாங்க வேண்டாம். அதே சமயம், பதிவு எண் இருப்பதால் மட்டுமே அது உங்கள் மதிப்பெண்ணை உயர்த்தும் என்று பொருள் ஆகிவிடாது.

காசில்லாமல் கிடைப்பவை

கோலின் மூளைக்குத் தேவை என்பதில் ஐயமில்லை. அமெரிக்க வல்லுநர் குழு 1998-இல் அதை அவசியமான சத்துகளின் பட்டியலில் சேர்த்து, 14 முதல் 18 வயது வரையிலான பையன்களுக்கு நாளுக்கு 550 மில்லிகிராமும், பெண்பிள்ளைகளுக்கு 400 மில்லிகிராமும் போதுமான அளவு என்று வகுத்தது. ஒரு பெரிய கோழிமுட்டையில் ஏறத்தாழ 150 மில்லிகிராம் கோலின் உண்டு. அது மஞ்சள் கருவில்தான் இருக்கிறது. நாசி லெமாக்கில் வெள்ளைக்கருவை மட்டும் தின்றுவிட்டு மஞ்சள் கருவை ஒதுக்குபவர்கள் கவனிக்க! மீன், கோழி, பால், சோயா அவரை, காலிபிளவர், கச்சான் ஆகியவற்றிலும் கோலின் இருக்கிறது. ஆகவே, சைவ உணவு உண்பவர்களும் கவலைப்பட வேண்டாம்.

அடுத்தது, தூக்கம். உங்கள் வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரம் தேவை. பகலில் படித்ததை மூளை தூக்கத்தில்தான் உறுதிப்படுத்திக்கொள்கிறது.

மூன்றாவதுதான் மிக முக்கியம்: படிக்கும் முறை. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழு ஒரு பத்தியைப் படித்தது. பிறகு மீண்டும் படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்தது. பிறகு புத்தகத்தை மூடிவிட்டு நினைவில் இருப்பதை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, மீண்டும் படித்தவர்களே முன்னணியில் இருந்தார்கள். ஆனால், ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, மீண்டும் படித்தவர்களுக்கு நினைவில் இருந்தது 42 விழுக்காடு. மூடிவைத்து எழுதியவர்களுக்கு 56 விழுக்காடு.

நம்ப வேண்டாம், நீங்களே செய்து பாருங்கள். வரலாற்றுப் பாடத்தில் ஏறத்தாழ ஒரே நீளமுள்ள இரண்டு பகுதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை இரு முறை வாசியுங்கள். மற்றதை ஒரு முறை வாசித்து, புத்தகத்தை மூடி, நினைவில் உள்ளதை எழுதுங்கள். இரண்டுக்கும் ஒரே அளவு நேரம் ஒதுக்குங்கள். ஒரு வாரம் கழித்து இரண்டையும் எழுதிப் பாருங்கள். வகுப்பு நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது. யார் எந்தப் பகுதியை எந்த முறையில் படிப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள்.

அந்தத் தாயாரிடம் என்ன சொன்னேன்?

இரண்டு நாள் கழித்து அந்தத் தாயாரையும் மகனையும் ஒன்றாகச் சந்தித்தேன். இதே விஷயங்களை எளிமையாகச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "அப்போ, நான் தப்பா வாங்கிட்டேனா டீச்சர்?" என்றார்.

எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. இரவு முழுவதும் நின்று சம்பாதித்த காசு அல்லவா அது? "தப்பு இல்லைம்மா. கேட்டுட்டுக் கொடுக்கணும்னு நெனச்சீங்களே, அதுதான் பெரிய விஷயம்" என்றேன். பிறகு மகனிடம் திரும்பி, "ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குறே?" என்று கேட்டேன். அவர் தாயாரைப் பார்த்தார். தாயார் இரவு வேலையில் இருப்பதால் அவருக்கு அது தெரிய வாய்ப்பில்லை. "ரெண்டு மணி, டீச்சர். சில நாள் மூணு. போன் பார்த்துக்கிட்டே இருந்திடுவேன்." காலையில் பசியாறுகிறாயா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார்.

தாயார் ஒன்றும் பேசவில்லை. புட்டியை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார். "நான் வேலையிலேர்ந்து பதினோரு மணிக்குப் போன் பண்றேன். நீ எடுக்கக் கூடாது. எடுத்தா முழிச்சிருக்கேன்னு அர்த்தம்" என்று மகனிடம் சொன்னார். நாங்கள் மூவருமே சிரித்துவிட்டோம்.

அந்த மாணவர் தேர்வில் எப்படிச் செய்தார் என்று கேட்கிறீர்களா? நன்றாகவே செய்தார். ஆனால், அதைத் தூக்கத்துக்குச் சான்றாக நான் காட்டப் போவதில்லை. ஒரே ஒருவரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று இவ்வளவு நேரம் சொல்லிவிட்டு நானே அப்படிச் செய்யலாமா? விளம்பரத்தில் வரும் 'என் மகன் பத்து ஏ எடுத்தான்' என்ற கதைக்கும் இதே விதிதான்.

மாணவர்களே, இன்றிரவு இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு, சிட்டிகோலினின் மூன்று பகுதிகள் எவை என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எழுதி முடித்ததும் படுத்துத் தூங்குங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்.